அடிக்கு அரை இன்ச்

தம்பி, கொஞ்சம் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்காருங்க. கோபித்துக்கொள்ளாதீங்க. மடியில் இந்தப் பெட்டி இருக்கிறது பாருங்க, இதில் உங்கள் முழங்கை படக்கூடாது. மேலே வைக்கலாமே என்றுதான் கண்டக்டரும் சொன்னார். மேலே வைத்தால் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் இதன் ஸ்பிரிங் போய்விடும்.

கேக் இல்லை தம்பி. பெட்டிதான் கேக் பெட்டி. உள்ளே இருப்பது கார். அம்பாசிடர். நான் செய்தது. திருச்செங்கோட்டில் என் அக்கா வீடு. அக்கா வீட்டுக்காரர் அர்த்தநாரி, எனக்கு மச்சான். அவர் கண் முன்னாலே இதைத் தரையில் வைத்து, காலால் மிதித்து நசுக்கப்போகிறேன். அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் மூடிவையுங்க, இந்தப் பக்கம் தெறிக்கிறது.

எதற்கு நசுக்க வேண்டும் என்று கேட்கிறீங்க. கேட்கத்தான் வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் தெரியும். நான் இதை யாரிடமும் சொல்வதில்லை. போன தடவை இதே பஸ்ஸில் ஒரு வாத்தியாரிடம் சொன்னேன். அதற்கு முந்தின தடவை ஒரு பால்காரரிடம். அவ்வளவுதான்.

என் பெயர் பொன்னுரங்கம். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட்டில் டிங்கர் வேலை பார்த்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு விட்டுப்போச்சு. பிறகு தகரம்தான். எங்கள் ஃபோர்மேன் புது பஸ் கட்டுவதற்கு முன்னால் அதைச் சின்னதாகத் தரையில் சாக்பீஸால் போடுவார். நிஜத்தில் ஒரு அடி என்றால் தரையில் அரை இன்ச். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை ஊறியது. மிச்சமான தகரத் துண்டில் கார் செய்ய ஆரம்பித்தேன். கதவு திறக்கும், சக்கரம் திரும்பும். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கு முன்னால் என் காரையும் வைத்து சந்தனம் குங்குமம் வைப்பார்கள். முதலாளியே வந்து, "இந்த வருசம் என்ன வண்டி பொன்னுரங்கம்?" என்று கேட்பார். அந்த மாதிரி ஒரு காலம்.

அப்போதுதான் அக்கா மகனுக்குக் காதுகுத்து வந்தது. நவநீதன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவது. நான் ஒரே தம்பி. சீர்த்தட்டில் பழம், வேட்டி, சட்டை, வெள்ளி அரைஞாண், ஒன்றும் குறைவில்லை. எல்லாத் தட்டுக்கும் முன்னால் என் ஃபியட் கார் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். சிவப்பு ஃபியட். மருமகன் கையில் கயிற்றைக் கொடுத்தால் இழுத்துக்கொண்டு போவான். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வண்டி.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்க. இங்கேதான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குலதெய்வக் கோயில். மேளம் காது கிழிய அடிக்கிறார்கள். சீர் கொண்டுவந்த வேன் தூரத்தில் நிற்கிறது. ஃபியட்டின் முன்சக்கரம் ஒன்று லூசாகிவிட்டது. தரையில் துண்டை விரித்து, வண்டியை அதன்மேல் வைத்து, குனிந்து சக்கரத்தை அழுத்திக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் மச்சானுடைய அம்பாசிடர் நிற்கிறது. அந்தப் பக்கத்துக்கே முதல் கார் அது. வேனுக்கு வழி விட அதை அவர் ரிவர்ஸ் எடுக்கிறார். அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்க. வேன் பக்கத்திலிருந்து எங்கள் சித்தப்பா கத்துகிறார்.

"பொன்னுரங்கா, சீரக் கொண்டாரச் சொல்லட்டுமா?"

நான் எழுந்து நின்று, கையை நன்றாக ஆட்டி, "வரட்டும், வரட்டும்!" என்றேன்.

யாரிடம் சொன்னேன்? சித்தப்பாவிடம். எது வரட்டும்? சீர் வரட்டும். இதில் குழப்பம் என்ன இருக்கிறது தம்பி?

மச்சான் வந்துவிட்டார்.

வண்டியோடு, பின்பக்கமாக. நான் குதித்துத் தப்பித்தேன். ஃபியட்டுக்குக் குதிக்கத் தெரியாதே. அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. அந்த மேளத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

இறங்கி வந்தார். பார்த்தார். என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரு 'ஐயோ' சொல்லியிருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். தெருவில் போகிறவன்கூடச் சொல்வான். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீதான மாப்ளே வரட்டும் வரட்டும்னு கையக் காட்டுனே?"

"நான் சீரைச் சொன்னனுங்க மச்சான்."

"அது எனக்கு எப்புடித் தெரியும்? சரி, உடு. பொம்மதான. சந்தையில வேற வாங்கிக்கலாம்."

பொம்மை. காது குத்தினார்கள். நவநீதன் என் மடியில் உட்கார்ந்துகொண்டு ஊரே கேட்க அழுதான். என் கண்ணிலும் தண்ணீர் கொட்டுகிறது. மாமனுக்கு எத்தனை பாசம் பாரு என்று பொம்பளைகள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து, தகரம் வெட்டும் கத்திரியை ஆணியில் மாட்டினேன். அதன்பிறகு வீட்டில் அதை நான் தொடவே இல்லை. மச்சானிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

அதற்காகச் சீர், செய்முறை எதையும் விட்டதில்லை. அக்கா வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் நான்தான் முதல் ஆள். பேசுவது மட்டும் கிடையாது. "அக்கா, அவரக் கொஞ்சம் நகரச் சொல்லு, எல போடறாங்க" என்பேன். "ருக்கு, அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்து" என்பார் அவர். நடுவில் அக்கா, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. என் அக்கா பெயர் ருக்குமணி.

அப்படியே போயிருக்கும். ஷெட்டிலிருந்து நின்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் சம்சாரம் பாவாயி அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் என்னைத் தாண்டித் தாண்டிப் போவாள். ஒருநாள் நவநீதன் போனில் பழைய போட்டோ ஒன்றைப் போட்டான். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குரூப். 'அப்பாவின் முதல் கார்' என்று எழுதியிருந்தான். அந்தக் காதுகுத்து அன்றைக்கு எடுத்த போட்டோ. ஆளாளுக்கு அதற்கு இதயம் போடுகிறார்கள். கோயில் முகப்பில் அம்பாசிடர் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு அடியில் சிவப்பாக ஒரு துளி. என் ஃபியட்.

பாவாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது செம்பருத்திப்பூங்க. ஆரோ தலையிலிருந்து உழுந்திருக்குது."

"ஃபியட்டுடி அது. பானெட்டு."

"காம்பு தெரியுதுங்க."

அவளுக்குக் கண் சரியில்லை. அன்றைக்கே ஆணியிலிருந்து கத்திரியை எடுத்தேன்.

என் கணக்கு நேர்க் கணக்கு. அவர் என் காரை நசுக்கினார், நான் அவர் காரை நசுக்க வேண்டும். நிஜ அம்பாசிடரை அவர் எப்போதோ விற்றுவிட்டார். இருந்தாலும் அதை நசுக்க என் கால் போதாது. அடிக்கு அரை இன்ச் போட்டால் பதினாலு அடி வண்டி ஏழு இன்ச். என் செருப்பு பத்து இன்ச். சரியாக இருக்கும். மிதிக்கும்போது அவர் பார்க்க வேண்டும். பார்த்து, அன்றைக்கு வாயில் வராத அந்த 'ஐயோ'வைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஐயோ. வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நசுக்கப்போகிற வண்டிதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணெய் டின்னை வெட்டினேன். முடியவில்லை தம்பி. அம்பாசிடரில் ஒரு இடத்தில்கூட நேர்க்கோடு கிடையாது. மாவைப் பிசைந்து மூடிவைத்த மாதிரி இருக்கும். பானெட்டின் மேடு மட்டும் எத்தனை தடவை தட்டினேன் என்று கேட்காதீங்க. கை முன்னே மாதிரி இல்லை, நடுங்குகிறது. ஏனோதானோ என்று செய்துவிட்டுப் போகவும் முடியாது. அவர் வண்டி மாதிரியே இல்லாவிட்டால், நசுக்கினால் அவருக்கு எப்படி வலிக்கும்?

ஹெட்லைட்டுக்குக் கண்ணாடி தேடி அலைந்தேன். கடைசியில் பாவாயியின் பிரஷர் மாத்திரை அட்டையில் கிடைத்தது. மாத்திரை உட்கார்ந்திருக்கும் குமிழ் இருக்கிறதே, அப்படியே அம்பாசிடர் லைட். வெட்டும்போது பல குமிழ் கிழிந்துபோனது. அவள் மாத்திரையை நினைத்தால் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் விட்டுவிடுவாள். நான் தினமும் காலையில் தண்ணீரோடு கொண்டுபோய் நின்றேன்.

"இத்தன வருசத்துல இப்பத்தான் என்ற பிரஷர் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றாள். "அது வந்ததே உங்களாலதான்."

சீட்டுக்கு அவள் பச்சை ஜாக்கெட்டை வெட்டினேன். மச்சான் வண்டியில் பச்சை ரெக்சின். அதற்கும் பேச்சு. "எனக்கு ஒரு கொக்கி தெச்சுக் குடுத்ததில்ல. உங்க மச்சானுக்கு சீட்டே தெச்சுக் குடுக்கறீங்க." மச்சானுக்கு இல்லை, மச்சானை நசுக்க என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். டாஷ்போர்டில் அவர் அர்த்தநாரீசுவரர் படம் வைத்திருப்பார். பாக்கெட் காலண்டரிலிருந்து தம்மாத்துண்டாக வெட்டி வைத்தேன். அப்போது மட்டும் கொஞ்சம் யோசனை வந்தது, சாமியையும் சேர்த்து மிதிக்கலாமா என்று. மிதிக்கும் முன்னால் எடுத்துவிடலாம் என்று லேசாகத்தான் பசை வைத்திருக்கிறேன்.

வண்டி முடிந்தது. துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அக்கா வாசலுக்கு வந்தாள். "வா சாமி, விசேசம் ஒண்ணும் இல்லையே, என்ன திடீர்னு?" என்றாள். உள்ளே மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகப் போயிருந்தார். எனக்கென்ன. காரை எடுத்துத் தரையில் வைத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போய் எடுத்துவந்து போட்டுக்கொண்டேன்.

"ஏன் சாமி, ஊட்டுக்குள்ள செருப்போட?" என்றாள் அக்கா.

"அக்கா, அவர இங்க பாக்கச் சொல்லு."

"ருக்கு, எங்க பாக்கோணும்னு கேளு."

"கீழ. தரையில."

"தரை எங்க இருக்குதுன்னு கேளு."

நக்கல் பண்ணுகிறார் என்று காலைத் தூக்கிவிட்டேன். அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை தம்பி. ஆளு நெழலாட்டந்தான் தெரியறாங்க. ஆப்பரேசன்னு சொன்னாப் போதும், பயந்துக்கறாரு. நவநீதனும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. கால் அந்தரத்தில் நிற்கிறது. பார்க்க முடியாதவர் முன்னால் நசுக்கி என்ன பிரயோஜனம்? சத்தம்தான் கேட்கும். டம்ளரை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். சரி, எந்த வண்டி என்றாவது தெரியட்டும் என்று காரை எடுத்து அவர் மடியில் வைக்கச் சொன்னேன் அக்காவிடம்.

அவர் வாங்கினார். விரலால் தடவினார். பானெட்டு, கூரை, டிக்கி. ஒரு கதவைத் திறந்து, காதோரம் வைத்து மூடிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"ருக்கு, இது ஆரு வண்டின்னு கேளு."

"உங்க வண்டிதானாமுங்க."

"என்ற வண்டி இல்ல. என்ற வண்டில பின்னாடி பம்பர்ல, எடது ஓரத்துல ஒரு டொக்கு இருக்கும். செக்போஸ்ட்டுல இடிச்சது. இதுல வழுவழுன்னு இருக்குது."

அந்த நெளிசல்! நானே பார்த்திருக்கிறேன். டிங்கராக இருந்துகொண்டு அதை விட்டுவிட்டேனே. என் வண்டி இல்லை என்று அவர் சொன்ன பிறகு அதை நசுக்குவதில் அர்த்தமே இல்லை. நான் வேறு யாருடைய வண்டியையோ நசுக்கிவிட்டுப் போனேன் என்று சொல்லிவிடுவார், சொல்லக்கூடியவர்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

பம்பரை நெளித்துக்கொண்டு மறுபடி போனேன். "கேரியர் எங்கன்னு கேளு" என்றார். கூரைமேல் கேரியர் வைத்துக்கொண்டு போனேன். "ஸ்டியரிங்குக்கு நான் ஒயர் சுத்தியிருந்தன், இதுல காணோம்" என்றார். சுற்றினேன். ஆன்டெனா என்றார். அப்படியே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறேன். போனால் சாப்பிடாமல் அக்கா விட மாட்டாள். எதிரி வீட்டில் சாப்பிட்டான் என்று நினைத்துவிடாதீங்க. நான் சாப்பிட்டது அக்கா வீட்டில். வீடு ஒன்றுதான், இருந்தாலும் வேறே. சாப்பிட்டுவிட்டு அங்கேயே கூடத்தில் கொஞ்சம் படுப்பேன். அவரும் படுப்பார். பேச்செல்லாம் அக்கா மூலமாகத்தான். சமயத்தில் அக்கா அடுப்படிக்கோ கடைக்கோ போய்விடுவாள். அப்போதும் நாங்கள் முறையை விடவில்லை. "அக்கா, ஆன்டெனா வலப்பக்கமா எடப்பக்கமான்னு கேளு" என்பேன். "ருக்கு, வலப்பக்கம்னு சொல்லு" என்பார். சரியாகத்தான் இருந்தது. அக்கா எதற்கு நடுவில்.

பாவாயிக்கு வேறே நினைப்பு. "நீங்க வந்துட்டே இருக்கோணும்னு அவரு வேணும்னே குத்தம் சொல்றாருங்க" என்றாள். அவளுக்கு மச்சானைப் பற்றித் தெரியாது. வண்டியைக் காப்பாற்ற அவர் செய்கிற தந்திரம் அது. எனக்குத் தெரியாதா? அதனால்தான் ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

செய்தும்விட்டேன். ஒருநாள் தடவித் தடவிப் பார்த்தார். பம்பர், கேரியர், கைப்பிடி. ஒன்றும் சொல்ல முடியவில்லை. விரலெல்லாம் ஓய்ந்துவிட்டது. எனக்குச் செருப்புக்குள் கால் துடிக்கிறது. அப்போது சொல்கிறார்:

"கலர் என்னன்னு கேளு."

"வெள்ளைங்கறான்" என்றாள் அக்கா.

"வெறும் வெள்ளையா? என்ற வண்டி வெறும் வெள்ள இல்ல. பால்ல ரெண்டு சொட்டு டிக்காசன் உட்டாப்பல இருக்கும். அதக் கண்ணுல பாத்துத்தான் நான் சொல்ல முடியும்."

விடுவேனா? "அக்கா, கெளம்பச் சொல்லு. கோயமுத்தூருக்கு. கண் ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

"மாட்டேங்கறாரு தம்பி."

"பயமான்னு கேளு."

"அவனுக்கு இந்த எடத்துல கத்தி வெச்சா பயம் வராதான்னு கேளு."

"பக்கத்துல நான் நிக்கறன்னு சொல்லு. ஓட உட மாட்டன்னு சொல்லு."

கிளம்பிவிட்டார் தம்பி. பெற்ற மகன் சொல்லிக் கேட்காத மனுஷர், நான் சொன்னதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிடுகிறாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நான் என்ன பாசத்திலா கூட்டிப்போகிறேன்? கண் தெரிந்தால்தானே நசுக்குவது தெரியும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆள்தான் கூட இருக்கலாம் என்றுவிட்டார்கள். அக்கா வெளியே நின்றுகொண்டாள். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டது. வேண்டாதவன் என்றா சொல்ல முடியும்? மச்சினன் என்றேன். உள்ளே கூட்டிப்போகிற வரைக்கும் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன், எழுந்து ஓடிவிடாமல்.

முடிந்து வெளியே வந்தார். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில்தான் ஏற்கனவே புரை. நீளமான வராந்தா. கூட்டிப்போங்க என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டது. நடுவில் சொல்ல அக்கா இல்லை. நான் என்ன செய்தேன், ஷெட்டில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது நின்று நின்று பழக்கமில்லையா, அவருக்கு முன்னால் திரும்பி நின்றுகொண்டு, ரெண்டு கையையும் ஆட்டி, "வரட்டும்... வரட்டும்..." என்றேன். தானாக வாயில் வந்துவிட்டது.

டக்கென்று நின்றுவிட்டார்.

"எது வரட்டும்?"

முப்பது வருஷத்துக்கு அப்புறம் நேராக என்னைக் கேட்ட முதல் கேள்வி.

"எது வரட்டும் மாப்ளே? நானா, பின்னாடி சத்தம் கேக்குதே, அந்த ஸ்ட்ரெச்சரா? தெளிவாச் சொல்லீரு. அப்பறம் பொம்ம நசுங்கிப்போச்சுன்னு ஆயுசுக்கும் என்னயச் சொல்லுவே."

நிஜமாகவே பின்னால் ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்துவிட்டேன். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீங்க. ஆஸ்பத்திரி மருந்து வாசனை சில பேருக்குத் தலைக்கு ஏறும்.

"நீங்கதான் மச்சான். நீங்க வாங்க" என்றேன்.

என் தோளில் கை வைத்தார். கனமான கை தம்பி. வெளியே அக்காவிடம் போய்ச் சேருகிறவரைக்கும் எடுக்கவே இல்லை. இந்தத் தோள் இன்னும் லேசாக வலிக்கிறது.

பிறகு இன்னொரு கண்ணுக்கும் நான்தான் கூட்டிப்போனேன். பாதியில் விட முடியுமா? ஒரு கண்ணில் பார்த்துவிட்டு, கலர் சரியாகத் தெரியவில்லை என்று அதற்கும் ஒரு சாக்குச் சொல்லுவார். இப்போது ரெண்டு கண்ணும் ஆறிவிட்டது. எல்லாம் தெரிகிறதாம். காலண்டரில் தேதி படிக்கிறாராம். ஆகவே இன்றைக்குத்தான். இன்றைக்கு அவர் சாக்குச் சொல்ல எதுவும் பாக்கி இல்லை.

கலரா? மூன்று தடவை கலந்து அடித்தேன். டம்ளரில் பாலை ஊற்றி, பாவாயியைச் சொட்டுச் சொட்டாக டிக்காஷன் விடச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சின்ன பாட்டிலில் பெயிண்டும், ஒரு பிரஷும் கொண்டுவந்திருக்கிறேன். வழியில் கீறல் விழுந்தால் தொட்டுவைக்கலாம். சிரிக்காதீங்க தம்பி. நசுக்குகிற நேரத்தில் வண்டியில் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது. அப்போதுதான் அந்த ஐயோ முழுசாக வரும்.

அந்தப் பையில் முறுக்கு. பாவாயி கொடுத்துவிட்டாள். மச்சானுக்குச் சர்க்கரை, இனிப்பு ஆகாது. நசுக்கிவிட்டுச் சாப்பிடலாம்.

நசுக்கிய பிறகா? அப்புறம் என்ன செய்வேன் என்றா கேட்கிறீங்க? அதை நான்... இருங்க. அம்பாசிடரை விற்றுவிட்டு அவர் ஒரு மெட்டாடர் வேன் வாங்கினார். நீல வேன். அதில் எங்களை ஒரு கல்யாணத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதாக அக்கா மூலம் சொல்லிவிட்டு, ஏற்றாமலே போய்விட்டார். அந்தக் கோபமும் பாக்கி இருக்கிறது. அதையும் செய்து நசுக்க வேண்டியதுதான். பக்கத்துக் கதவு தள்ளித் திறக்கிற கதவு. அதற்குத் தண்டவாளம் மாதிரி ஒன்று போட வேண்டியிருக்கும். எப்படிப் போட்டிருந்தது என்று இன்றைக்கு அவரையே கேட்டுவிடுகிறேன்.

வந்துவிட்டது. மலை தெரிகிறது பாருங்க. ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது ஒரு பள்ளம் வரும், பெட்டியை ஒரு கை பிடியுங்க. ஆ, அப்படித்தான். நல்ல கை உங்களுக்கு.

அதோ. அந்த சிமெண்ட் பெஞ்சு பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி. அவர்தான். வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறார் பாருங்க. என்ன அவசரம்! இங்கேயே பார்த்து, இங்கேயே குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று திட்டம். வெயில் நேரே கண்ணில் அடிக்கிற இடத்தில் போய் நிற்கிறார். டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே.

தம்பி, ஒரு உதவி. நான் முதலில் இறங்கிக்கொள்கிறேன். பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்க, அடியில் கை கொடுத்து. நான் கீழே நின்று வாங்கிக்கொள்கிறேன்.

பார்த்துவிட்டார். கையை ஆட்டுகிறார். ரெண்டு கையையும்.

"வரட்டும் மாப்ளே! வரட்டும், வரட்டும்!"

கேட்டீங்களா? எது வரட்டும்? நானா, பெட்டியா, பஸ்ஸா? இத்தனைக்கும் அப்புறம் அதே வார்த்தை! மச்சான், எது வரட்டும்னு சொல்லுங்க! எது வரட்டும்னு... ஆ, இந்தப் படி...

"ஐயோ! பாத்து மாப்ளே, பாத்து!"

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நின்றுவிட்டேன்.

தம்பி, ஐயோ என்றாரே, கேட்டீங்களா? நீங்கதான் சாட்சி. எதற்குச் சொன்னார்? பெட்டி உங்கள் கையில்தானே இருக்கிறது, அப்புறம் எதற்குச் சொன்னார்? இந்த மனுஷர் வாழ்க்கையில் எதையுமே தெளிவாகச் சொல்ல மாட்டார்.

ஓடி வருகிறார் பாருங்க. பெட்டியை என்னிடமே கொடுங்க தம்பி. அவர் கை நீட்டினால் கொடுத்துவிடாதீங்க. புதுக் கண், தூரம் இன்னும் பழகியிருக்காது. நழுவவிட்டார் என்றால் நசுங்கிப்போகும்.